மானிட்டர் நிறம்: மென்பொருள் இலவசம், கருவிக்குத்தான் காசு

கேள்வி: சுங்கை சிப்புட் கடைத்தெருவில் சின்னதாக ஒரு போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், சடங்கு, தைப்பூசம் என்று வேலை வந்துகொண்டிருக்கிறது. என் மானிட்டரில் படம் பளிச்சென்று தெரிகிறது. ஈப்போ லேபில் பிரிண்ட் போட்டு வந்தால் முகமெல்லாம் இருண்டு கிடக்கிறது. மணப்பெண்ணின் அரக்குப் பட்டு கறுப்பாகவே ஆகிவிடுகிறது. கணினிக் கடைக்காரர் நாலாயிரம் வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு 'டிசைனர் மானிட்டர்' வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். பிரிண்ட் இருட்டாக வருவது பெரும்பாலும் நிறக் கோளாறு அல்ல, வெளிச்சக் கோளாறு. கடையிலிருந்து வரும் மானிட்டர் கண்ணைப் பறிக்கும் வெளிச்சத்தில் இருக்கும். சாதாரண மானிட்டரே ஒரு சதுர மீட்டருக்கு 250 கேண்டெலா, அதற்கு மேலும் போகும். பிரிண்டுக்காகப் படம் திருத்துபவர்கள் வைத்துக்கொள்வது 80 முதல் 120 வரை. இரண்டு மடங்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து திருத்தினால், முகம் ஏற்கெனவே பிரகாசமாகத் தெரிவதால் நீங்கள் அதைத் தூக்கிவிட மாட்டீர்கள். காகிதம் தானாக ஒளிராது, அவ்வளவுதான் விஷயம். நாலாயிரம் வெள்ளி மானிட்டரையும் முழு வெளிச்சத்தில் வைத்தால் இதே கதைதான் நடக்கும்.

முதலில் காசு செலவில்லாமல் ஒன்று செய்து பாருங்கள். சன்னல் திரையை இழுத்துவிட்டு, மானிட்டர் மெனுவில் வெளிச்சத்தைக் குறையுங்கள். லேபிலிருந்து வந்த ஒரு பிரிண்டை நல்ல விளக்கின் கீழ் பிடித்து, திரையில் உள்ள அதே படத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே பிரகாசத்தில் தெரியும்வரை இறக்குங்கள். அந்த நிலையில் திருத்திய நாலு படத்தை அனுப்பிப் பாருங்கள். லேபிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: ஃபைல் எஸ்ஆர்ஜிபி என்ற வழக்கமான நிற எல்லையில் வேண்டுமா, அவர்கள் பக்கம் தானியங்கித் திருத்தம் ஓடுகிறதா. அதைவிட விரிந்த அடோபி ஆர்ஜிபியில் அனுப்பி, லேப் அதை எஸ்ஆர்ஜிபி என்று எடுத்துக்கொண்டால் படம் வெளிறித்தான் வரும்.

இதற்குப் பிறகும் நிறம் விலகினால், அப்போதுதான் கலரிமீட்டர், அதாவது திரையின் நிறத்தை அளக்கும் கருவி, வாங்கும் பேச்சு.

கேள்வி: அந்தக் கருவி இல்லாமல், இலவச மென்பொருளை மட்டும் வைத்து கேலிப்ரேட் செய்ய முடியாதா? போனில் ஆப்கூட இருக்கிறதாமே?

பதில்: முடியாது. விண்டோஸிலேயே கண்ணால் பார்த்துச் சரிசெய்யும் வசதி இருக்கிறது. காமாவை, அதாவது இருட்டிலிருந்து வெளிச்சத்துக்குப் படிப்படியாக ஏறும் விதத்தை, ஓரளவுக்கு நேராக்கும். வெள்ளை எவ்வளவு வெள்ளை என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. நீலம் கலந்த வெள்ளையைப் பத்து நிமிடம் பார்த்தால் கண் அதையே வெள்ளை என்று ஏற்றுக்கொண்டுவிடும். போன் கேமராவோ வெள்ளையைத் தானே மாற்றிக்கொள்ளும் சாதனம். அதை வைத்து அளப்பது வீண்.

மென்பொருள் விஷயத்தில் நமக்கு நல்ல காலம். ஆர்கில் சிஎம்எஸ் என்பது கிரேம் கில் எழுதிய திறமூலத் தொகுப்பு. கருவியோடு பேசுவது, அளப்பது, ஐசிசி ப்ரோஃபைல் (மானிட்டரின் நிறக் குணத்தைக் குறித்துவைக்கும் ஃபைல்) உண்டாக்குவது எல்லாம் அதன் வேலை. அது கட்டளை வரியில் ஓடும். அதன்மேல் பொத்தான், பட்டியல் எல்லாம் வைத்துக் கட்டியதுதான் ஃப்ளோரியான் ஹோக்கின் டிஸ்பிளேகால். அவர் கடைசியாக 2019இல் வெளியிட்ட பதிப்பு பைத்தான் 2இல் எழுதியது. அந்த மொழிப் பதிப்பின் ஆதரவு 2020 தொடக்கத்தோடு நின்றுவிட்டது. இப்போது வேறு ஆர்வலர்கள் பைத்தான் 3க்கு மாற்றிய கிளை ஒன்றைப் பராமரித்து வருகிறார்கள். புதிதாக இறக்குபவர்கள் அதையே எடுங்கள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.

கேலிப்ரேஷன், ப்ரோஃபைல் இரண்டையும் ஒன்றென்று நினைத்துப் பலர் குழம்புகிறார்கள். மளிகைக் கடைத் தராசின் முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவது கேலிப்ரேஷன். அப்படியும் அது கிலோவுக்கு எத்தனை கிராம் கூடக் காட்டுகிறது என்று சீட்டில் குறித்துவைப்பது ப்ரோஃபைல். சீட்டைப் படிக்கத் தெரிந்த மென்பொருளுக்குத்தான் அது உதவும். ஜிம்ப், கிரிட்டா, டார்க்டேபிள், போட்டோஷாப் படிக்கும். படிக்காத மென்பொருளில் வெள்ளையும் காமாவும் மட்டும் சரியாக இருக்கும், நிறச் செறிவு இஷ்டத்துக்குத்தான் வரும்.

கேள்வி: எந்தக் கருவி வாங்குவது? ஸ்பைடர்எக்ஸ் புரோ, எலீட் என்று இரண்டு விலையில் இருக்கிறது. பழைய ஸ்பைடர் ஒன்று எண்பது வெள்ளிக்குக் கிடைக்கிறது என்று நண்பர் சொன்னார்.

பதில்: டிஸ்பிளேகால் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் எலீட்டுக்குக் கூடக் காசு கொடுக்காதீர்கள். புரோ, எலீட் இரண்டிலும் உள்ளே இருக்கும் கருவி ஒன்றுதான். வித்தியாசம் கூட வரும் மென்பொருளில். அந்த மென்பொருளை நீங்கள் தொடவே போவதில்லை. ஒரு சின்ன வேலை மட்டும் உண்டு: விண்டோஸில் ஸ்பைடர் வகைக்கு ஆர்கில் டிரைவரை நிறுவ வேண்டும். டிஸ்பிளேகால் மெனுவிலேயே அதற்கு வழி இருக்கிறது.

என் ஓட்டு ஐ1 டிஸ்பிளே புரோ வகைக்கு. முன்பு எக்ஸ்-ரைட் பெயரில் வந்தது, 2021இலிருந்து கேலிப்ரைட் பெயரில் வருகிறது. இருண்ட நிறங்களை நன்றாக அளக்கும், விண்டோஸில் டிரைவர் தொல்லையும் இல்லை. அதன் தம்பியான பழைய கலர்மங்கி டிஸ்பிளே கிடைத்தாலும் எடுக்கலாம். மெதுவாக அளக்கும், அவ்வளவுதான். புதிதாக வந்த மலிவு மாடல் என்றால், ஆர்கில் ஆதரவுப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணத்தைக் கட்டுங்கள்.

எண்பது வெள்ளிப் பழைய ஸ்பைடர் வேண்டாம். அந்தக் காலக் கருவிகளின் வண்ண வடிகட்டிகள் வயதாக ஆக நிறம் மாறும். நம் ஊர்ப் புழுக்கம் அதை இன்னும் வேகமாக்கும். தப்பாக அளக்கும் கருவி, கருவியே இல்லாததைவிட மோசம். எதை வாங்கினாலும் கேமரா லென்ஸ் வைக்கும் டிரை பாக்ஸிலேயே போட்டுவையுங்கள்.

இன்னொன்று. இந்தக் கருவியை மாதம் ஒருமுறை அரை மணி நேரம் எடுப்பீர்கள், மிச்ச நாளெல்லாம் அது சும்மா கிடக்கும். டிஸ்பிளேகாலில் ஆக்டிவேஷன் எண் எதுவும் கிடையாது, எத்தனை கணினியிலும் நிறுவலாம். உங்கள் ஊரில் ஸ்டூடியோ, பேனர் அடிக்கும் கடை, கல்யாணப் பத்திரிகை அச்சகம் என்று நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கினால் ஆளுக்குச் செலவு கொஞ்சம்தான். யார் வீட்டில் இருக்கும் என்ற சண்டையை நீங்களே தீர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் கூட்டாளியும் நானும் ஒரே மாடல் மானிட்டர்தான் வைத்திருக்கிறோம். அவர் அளந்து வைத்திருக்கும் ஐசிசி ஃபைலை நான் போட்டுக்கொண்டால் போதாதா?

பதில்: போதாது. ஒரே மாடலில் ஒரே நாளில் வந்த இரண்டு பேனல்கூட நிறத்தில் விலகும். அவர் வெளிச்சத்தையும் சிவப்பு-பச்சை-நீல அளவுகளையும் எங்கே வைத்து அளந்தாரோ, அந்த நிலைக்குத்தான் அந்த ஃபைல் பொருந்தும். ஃபைலை வாங்காதீர்கள், கருவியை ஒருநாள் இரவல் வாங்குங்கள்.

கேள்வி: கருவி வந்துவிட்டது. டிஸ்பிளேகாலைத் திறந்தால் ஏகப்பட்ட எண். எதை எங்கே வைப்பது?

பதில்: மானிட்டரை முதலில் ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். ஈக்கோ, டைனமிக் கான்ட்ராஸ்ட், நீல ஒளிக் குறைப்பு, விண்டோஸின் நைட் லைட் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். அரை மணி நேரம் ஓடவிட்டுச் சூடேற்றிய பிறகு அளக்கத் தொடங்குங்கள். வெள்ளைக்கு 6500 கெல்வின், காமா 2.2, வெளிச்சம் 120. அறை இருட்டாக இருந்தால் 100, 90கூட வைக்கலாம்.

அப்புறம் 'கரெக்ஷன்' என்ற இடம். பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், ஆனால் முக்கியமானது அதுதான். உங்கள் மானிட்டரின் பின்விளக்கு எந்த வகை என்று அங்கே தேர்வு செய்ய வேண்டும். சாதாரண எல்இடிக்கு ஒன்று, விரிந்த நிறப்பரப்பு மானிட்டருக்கு வேறு. தப்பான வகையைக் கொடுத்தால் கருவி ஒழுங்காக வேலை செய்தும் வெள்ளை பச்சையாகவோ ரோஜாவாகவோ திரும்பிவிடும்.

மானிட்டர் பொத்தானால் செய்யக்கூடியதை அங்கேயே செய்து முடியுங்கள். மிச்சத்தை மட்டும் கிராஃபிக்ஸ் கார்டிடம் விடுங்கள். அதன்மேல் ரொம்பச் சுமை ஏற்றினால் வானம் போன்ற இடங்களில் கோடு கோடாகத் தெரியும். முடிந்ததும் அறிக்கையில் சராசரி டெல்டா-ஈ (சரியான நிறத்திலிருந்து விலகிய அளவு) 1ஐ ஒட்டி வந்தால் கொண்டாடலாம், 2க்குள் இருந்தால் கல்யாண ஆல்பத்துக்குத் தாராளம்.

கேள்வி: கேலிப்ரேட் செய்த பிறகு திரை மஞ்சளாக இருக்கிறது. "நல்லா இருந்ததைக் கெடுத்துட்டீங்க" என்கிறார் வீட்டுக்காரர். கருவியில் கோளாறா, அண்ணா?

பதில்: இல்லை, தங்கச்சி. இதுவரை பார்த்தது நீலம் தூக்கலான வெள்ளை. கடையில் பளிச்சென்று தெரியட்டும் என்று பல மானிட்டர்களை அப்படித்தான் அனுப்புகிறார்கள். இரண்டு மூன்று நாள் அப்படியே வேலை செய்யுங்கள், கண் பழகிவிடும். வீட்டுக்காரரிடம் பழைய அமைப்பில் எடிட் செய்த தைப்பூசப் படம் ஒன்றைக் காட்டுங்கள். காவடி எடுத்தவரின் மஞ்சள் வேட்டி உண்மையில் எந்த மஞ்சள் என்று அவருக்கே தெரிந்திருக்கும்.

கேள்வி: நான் கல்லூரி மாணவன். '100% எஸ்ஆர்ஜிபி' என்று விளம்பரம் பார்த்து ஆன்லைனில் மானிட்டர் வாங்கினேன். நண்பரின் கருவியில் அளந்தால் 64% என்கிறது. விற்றவர் "உங்கள் சாஃப்ட்வேர் தப்பு" என்கிறார். பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: கிடைக்க வழி இருக்கிறது, தம்பி. உங்கள் எண்ணைப் பார்த்தால் அது 45% என்டிஎஸ்சி (பழைய டிவி நிற அளவுகோல்) பேனல் போலத் தெரிகிறது. அந்த வகை எஸ்ஆர்ஜிபியில் அறுபது சொச்சம்தான் காட்டும். 100% எஸ்ஆர்ஜிபிக்குச் சமமாகச் சொல்லப்படுவது 72% என்டிஎஸ்சி. பெட்டியிலோ தயாரிப்பாளரின் விவரப் பக்கத்திலோ 45% என்று இருந்தால், மென்பொருள் வாதத்துக்கே இடமில்லை. முதலில் அதைத் தேடுங்கள். அளந்த அறிக்கையில் கவரேஜ், வால்யூம் என்று இரண்டு எண் இருக்கும். எஸ்ஆர்ஜிபியில் எத்தனை பங்கை மானிட்டர் காட்டுகிறது என்று சொல்லும் கவரேஜைத்தான் காட்ட வேண்டும்.

மலேசியாவின் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆவது பிரிவு, பொருள் அதன் விவரிப்புக்கு ஒத்திருக்க வேண்டும் என்கிறது. விளம்பரப் பக்கம் மாறுவதற்குள் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள். விற்பனைத் தளத்தின் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் தளத்திலேயே முறையிடுங்கள், விற்றவரோடு வாட்ஸ்அப்பில் பேசி நாளைக் கடத்தாதீர்கள். அதிலும் ஆகாவிட்டால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது: பதிவுக் கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. விற்றவர் வெளிநாட்டில் இருந்தால் தீர்ப்பு வாங்கினாலும் வசூலிப்பது கஷ்டம். அந்த நிலையில் தளத்தின் வழியே பணத்தைத் திரும்பப் பெறுவதில்தான் முழு மூச்சாக இறங்க வேண்டும்.