மாடியில் மாட்டிய சென்சாரை நம்பலாமா?

கேள்வி: மொட்டைமாடியில் காற்று மாசு காட்டும் சின்ன சென்சார் மாட்டியிருக்கிறோம். மார்கழி விடியற்காலையில் பி.எம். 2.5 (காற்றில் மிதக்கும் மிக நுண்ணிய தூசித் துகள்) அளவு 150 வரை போகிறது. அதே நேரம் எங்கள் பகுதி அரசு நிலையத்தில் 70-தான். சில நாள் குப்பை எரியும் வாடையும் வருகிறது. எதை நம்புவது? பேத்திக்கு வீசிங் தொந்தரவு உண்டு.
– வாசகி, கொடுங்கையூர்

பதில்: விடியற்காலை எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள் அம்மா. அதற்காகக் கருவியைக் கழற்றியும் வைத்துவிடாதீர்கள்.

இந்தக் கருவிகளைத் திறந்து பழுது பார்ப்பதுதான் என் வேலை. உள்ளே குட்டி விசிறி, லேசர், ஒளியை உணரும் சில்லு, அவ்வளவுதான். தூசித் துகள்மேல் லேசர் பட்டுச் சிதறும் ஒளியை வைத்து, எடை இவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போடும். சென்னை மார்கழி விடியலில் ஈரப்பதம் சர்வசாதாரணமாக 85 சதவீதத்தைத் தாண்டும். உப்பு, சல்பேட் துகள்கள் அந்த ஈரத்தைக் குடித்துப் பருக்கும், ஒளி கூடுதலாகச் சிதறும், எண் எகிறும். அரசு நிலையத்தில் காற்றைச் சூடேற்றி ஈரத்தைப் போக்கிவிட்டுத்தான் அளக்கிறார்கள். ஆகவே மதியம் இரண்டு, மூன்று மணி வாக்கில் ஒப்பிட்டுப் பாருங்கள். அப்போது இரண்டும் நெருங்கி வந்தால் உங்கள் கருவி சரியாக இருக்கிறது.

வாடை விஷயத்துக்கு ஒரு கருவி போதாது. அக்கம்பக்கத்தில் மூன்று நான்கு வீட்டாரை அதே மாடல் வாங்கச் சொல்லுங்கள். முதல் வாரம் எல்லாவற்றையும் உங்கள் மாடியிலேயே அருகருகே வையுங்கள். எது கூட்டிக் காட்டுகிறது, எது குறைத்துக் காட்டுகிறது என்று தெரிந்துவிடும். பிறகு பிரித்து மாட்டுங்கள். ஈரம் எல்லா வீட்டிலும் ஒன்றுபோல, மெதுவாக எண்ணை ஏற்றும். குப்பைப் புகை அப்படி வராது. ஒரு பக்கம் இருக்கும் வீட்டில் மட்டும் சட்டென்று ஏறும், காற்று திரும்பினால் இறங்கும். அந்த நேரத்தையும் காற்றுத் திசையையும் குறித்துவைத்து, நான்கு வீட்டு வரைபடத்தோடு மாநகராட்சியிடம் (1913) புகார் கொடுங்கள். தட்டிக்கழிப்பது கடினம்.

காற்று நுழையும் ஓட்டையை மட்டும் அடிக்கடி பாருங்கள். என்னிடம் வருகிற கருவிகளில் பாதிக்கு அங்கே சிலந்தி வலைதான் கோளாறு.

அந்த 70-ம் லேசான எண் இல்லை. 24 மணி நேரச் சராசரிக்கு நம் நாட்டு வரம்பு கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னது 15. புகை வாடை வரும் நாளில் பேத்தியை விடியலில் வெளியே விடவே விடாதீர்கள். மருத்துவர் கொடுத்த இன்ஹேலர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

கேள்வி: வாயு கசிந்தால் இந்த சென்சார் எச்சரிக்குமா?
– வாசகர், எண்ணூர்

பதில்: எச்சரிக்காது. இது துகளை மட்டுமே பார்க்கும். 2023 டிசம்பரில் உங்கள் பக்கம் பெரியகுப்பத்தில் கசிந்ததே அம்மோனியா, அதற்கெல்லாம் தனி சென்சார் வேண்டும். ஆலைக்கு அருகே இருப்பவர்கள் அதைக் கேட்டு வாங்கவேண்டியது ஆலையிடமும் அரசிடமும்தான். உங்கள் கைக்காசில் இல்லை. கண்ணும் மூக்கும் எரிந்தால் எந்தக் கருவிக்கும் காத்திருக்காதீர்கள். ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு, காற்று வீசும் திசைக்குக் குறுக்கே வெளியேறுங்கள்.