சின்ன ஃபைலுக்குச் சரி, பெரிய ஃபைலுக்கு மைனஸ்: கணினி கேள்வி பதில்

கேள்வி: ஒரு ஃபோல்டரில் உள்ள ஃபைல்களின் மொத்த அளவைச் சொல்ல சி-யில் ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். பல நாள் ஒழுங்காக ஓடியது. நேற்று வீடியோக்கள் இருந்த ஃபோல்டரில் ஓட்டினால் −1079506426 பைட் என்கிறது. கம்பைல் செய்யும்போது ஒரு வார்னிங் வரும், புரோகிராம்தான் ஓடுகிறதே என்று விட்டுவிட்டேன். அதுதான் காரணமா?
— கல்லூரி மாணவர் ஒருவர்

பதில்: அதேதான், அந்த வார்னிங் சொன்ன தப்புதான் இந்த எண்ணைத் தந்தது. உங்களுக்கு வந்த எண்ணோடு 4294967296-ஐ (4 பைட்டில் அடங்கும் எண்களின் எண்ணிக்கை) கூட்டுங்கள். 3215460870 வரும், சுமார் 3.2 ஜிபி. அதுதான் உண்மையான அளவாக இருக்க வேண்டும். மொத்தத்தை லாங் என்ற முழு எண் வகையில் வைத்துவிட்டு, அச்சிடுகிற பிரிண்ட்எஃப் ஃபங்ஷனின் ஃபார்மட் சரத்தில் (எதை எப்படி அச்சிட வேண்டும் என்று சொல்லும் எழுத்துக்கள்) %டி போட்டிருப்பீர்கள். 64 பிட் லினக்ஸில் லாங் 8 பைட், இன்ட் 4 பைட். %டி என்றால் இன்ட் என்று நம்பி பிரிண்ட்எஃப் கீழ்ப் பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

மைனஸ் வந்தது உங்கள் நல்ல நேரம். மொத்தம் 500 கோடி பைட்டாக இருந்திருந்தால் 705032704 என்று வந்திருக்கும், பார்க்க நல்ல எண்ணாகத்தான் இருக்கும், யாருக்கும் சந்தேகமே வராது.

பிரிண்ட்எஃப் ஏன் இதைக் கண்டுபிடிக்கவில்லை என்றால், அதற்கு வழியே இல்லை. புரோகிராம் ஓடும்போது அதன் கைக்கு வருவது ஃபார்மட் சரமும் அதன் பின்னால் சில மதிப்புகளும்தான், எது லாங், எது டபுள் (தசம எண் வகை) என்று எந்த மதிப்பிலும் எழுதி ஒட்டியிருக்காது, %டி, %எஸ் என்று நீங்கள் சொல்வதை அப்படியே நம்புவதைத் தவிர அதற்கு வேறு வழி கிடையாது. டபுளைக் கொடுத்துவிட்டு %டி என்றால் இன்னும் மோசம், 64 பிட் லினக்ஸில் தசம எண்கள் போகிற ரெஜிஸ்டர்களே (பிராசஸருக்குள் மதிப்புகளை வைக்கும் இடங்கள்) வேறு, அதனால் நீங்கள் கொடுத்த எண்ணுக்குச் சம்பந்தமே இல்லாத ஏதோ ஒன்று அச்சாகும். ஆக, ஃபார்மட் சரத்தையும் மதிப்புகளின் வகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற ஒரே ஆள் கம்பைலர்தான். அது சொல்கிறபோது கேட்காவிட்டால் அப்புறம் சொல்ல யாரும் இல்லை.

உங்கள் கம்பைலர் ஜிசிசி என்றால், வார்னிங்குகளைக் காட்டச் சொல்லும் -டபிள்யூஆல் என்ற ஆப்ஷனை எப்போதும் சேருங்கள், டபிள்யூ மட்டும் பெரிய எழுத்து. கிளாங் என்ற இன்னொரு கம்பைலர் இந்தச் சோதனையைக் கேட்காமலே செய்துவிடும், உபுண்டுவில் வரும் ஜிசிசியும் அப்படித்தான். கூடவே -டபிள்யூஎரர்=ஃபார்மட் போட்டால் வார்னிங்கே எரராகி கம்பைல் நின்றுவிடும், உங்களுக்கு அதைத்தான் சொல்வேன். திருத்தும்போது மதிப்பை இன்ட்டாக காஸ்ட் செய்து (வகையை மாற்றி) வார்னிங்கை வாயடைக்காதீர்கள், வார்னிங் போகும், தப்பான எண் அப்படியே இருக்கும். லாங்குக்கு %எல்டி, சைஸ்ஆஃப் தரும் மதிப்புக்கு %இசட்யூ, அவ்வளவுதான் வேலை.

கேள்வி: -டபிள்யூஆல் போட்டுத்தான் கம்பைல் செய்கிறோம். ஆனால் எங்கள் டீம் எழுதிய லாக் ஃபங்ஷனில் இதே தப்பைச் செய்தால் கம்பைலர் ஒன்றும் சொல்வதில்லையே?
— மென்பொருள் துறை வாசகி

பதில்: பிரிண்ட்எஃப் எப்படிப்பட்டது என்று கம்பைலருக்கு முன்பே தெரியும், உங்கள் ஃபங்ஷனைப் பற்றி நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஹெடரில் அதன் அறிவிப்போடு ஃபார்மட் என்ற அட்ரிபியூட்டை (கம்பைலருக்கான குறிப்பு) சேர்த்து, பிரிண்ட்எஃப், 2, 3 என்று கொடுங்கள். முதலில் லாக் லெவல், இரண்டாவதாக ஃபார்மட் சரம், மூன்றாவதிலிருந்து மதிப்புகள் என்றால் இந்த எண்கள். ஜிசிசி, கிளாங் இரண்டுக்கும் இது புரியும்.

இதை நான் வற்புறுத்தக் காரணம் உண்டு. நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் டிஸ்க் நிறைந்துபோனால் லாக் எழுதுகிற வரியில் %எஸ் போட்டு எர்நோ-வை (என்ன தப்பு என்று சொல்லும் எண்) நேராகக் கொடுத்திருந்தோம். %எஸ் என்றால் எழுத்துக்கள் இருக்கும் இடத்தின் முகவரி வர வேண்டும். லினக்ஸில் டிஸ்க் நிறைந்ததற்கான எர்நோ 28. அந்த 28-ஐ முகவரி என்று எடுத்துக்கொண்டு எழுத்தைத் தேடப் போய் சர்வர் விழுந்தது, அதுவும் ராத்திரியில். எரர் வரும்போது மட்டும் ஓடுகிற வரியை யாரும் டெஸ்ட் செய்திருக்கவில்லை. கம்பைலருக்கு அந்தக் கவலை இல்லை, ஓடாத வரியையும் அது படிக்கும். அட்ரிபியூட்டைச் சேர்த்த அன்றே இன்னும் சில இடங்கள் மாட்டின.

கேள்வி: பயனர் பெயரை பிரிண்ட்எஃப்-க்கு நேராகக் கொடுத்தால் என்ன, நன்றாகத்தானே அச்சாகிறது?

பதில்: பெயருக்குள் % குறி வருகிற வரைக்கும்தான். 2021 ஜூனில் %பி, %எஸ், %என் எல்லாம் கலந்த பெயருள்ள ஒரு வைஃபையில் இணைந்த ஐபோன்களில் வைஃபையே வேலை செய்யாமல் போனது, இதே வகைத் தப்புதான். %எஸ் போட்டு, பெயரை இரண்டாவதாகக் கொடுங்கள். சாதாரண ஜிசிசியில் -டபிள்யூஆல் மட்டும் இதைப் பிடிக்காது, -டபிள்யூஃபார்மட்=2 என்பதையும் சேர்த்துக் கம்பைல் செய்யுங்கள்.