அந்த அறுபது வீடுகளை ஏன் விட்டீர்கள்?

கேள்வி: கோவில்பட்டி பக்கம் ஒரு கிராமம் என் சொந்த ஊர். வயது 41. கோவையில் பம்ப் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். நான் படித்த ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியின் மைதானம் இன்று சீமைக் கருவேலம் மண்டி, மழையில் சகதியாகவும் வெயிலில் பாளம் பாளமாக வெடித்தும் கிடக்கிறது. முன்னாள் மாணவர்களைச் சேர்த்து வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தேன். மண் மாற்ற, கம்பி வேலி போட, கான்கிரீட் கிரிக்கெட் பிட்ச், உட்கார்ந்து பார்க்கப் படிக்கட்டு என்று ஆறு லட்சம் எஸ்டிமேட். குழுவில் கட்டைவிரல் காட்டியவர்கள் பலர், பணம் அனுப்பியவர்கள் சிலர். இதுவரை ஒரு லட்சத்து நாற்பதாயிரம். என் கணக்கில் இருக்கிறது. அதில் ஐம்பதாயிரம் சித்தப்பா தந்தது. கல்வெட்டில் தாத்தா பெயர்தான் முதலில் வர வேண்டும் என்கிறார். இதே ஊரில் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போட்டால் ஒரே மாதத்தில் எட்டு லட்சம் சேர்ந்துவிடும். மைதானத்துக்கும் அப்படியே வரி போட்டுப் பார்த்தோம். இப்போது அங்கே படிக்கிற பிள்ளைகள் எல்லாம் கீழத்தெருக்காரர்கள். கூலி வேலைக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் போகிறவர்கள், பாவம், அந்த அறுபது வீடுகளை விட்டுவிட்டோம். மற்றவர்களோ தர மாட்டேன் என்கிறார்கள். சாமிக்கு நீளும் கை பள்ளிக்கு ஏன் நீளவில்லை? மீதிப் பணத்தை எப்படிச் சேர்ப்பது?

பதில்: தம்பி, எஸ்டிமேட்டுக்கு ஒரு பத்தி, சித்தப்பாவுக்கு ஒரு பத்தி எழுதத் தெரிந்த உங்களுக்கு, கீழத்தெருவுக்கு அரை வரிதான் கிடைத்திருக்கிறது. ‘பாவம், விட்டுவிட்டோம்.’ கடிதத்தை அதற்கு மேல் படிக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

எந்தப் பிள்ளைகள் அந்த மண்ணில் விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொள்கிறார்களோ, அவர்களைப் பெற்றவர்களைத் தவிர ஊரில் மற்ற எல்லோரையும் கேட்டிருக்கிறீர்கள். அவர்களால் தர முடியாது என்று யார் உங்களுக்குச் சொன்னது? ஒரு வீட்டு வாசலிலாவது நின்று கேட்டீர்களா? தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற பெண் மகளிர் குழுவுக்குத் தவணை கட்டுகிறாள். சீட்டுப் போடுகிறாள். சொந்தத்தில் காதுகுத்து வந்தால் கடன் வாங்கியாவது மொய் எழுதுகிறாள். தன் மகள் விளையாடுகிற இடத்துக்கு அவளால் நூறு ரூபாய் தர முடியாது என்று கோவையில் உட்கார்ந்துகொண்டு நீங்கள் எப்படி முடிவு செய்தீர்கள்?

தலைக்கட்டு வரியை நீங்களே இழுத்ததால் அதையும் பேசிவிடுவோம். அந்த வரி பக்தியால் மட்டும் வசூலாவதில்லை. வரி கட்டியவன் கணக்குக் கூட்டத்தில் துண்டை உதறிக்கொண்டு எழுந்து, ‘பந்தலுக்கு என்ன இவ்வளவு?’ என்று கேட்கலாம். கட்டாதவன் வாயைத் திறக்க முடியாது. தென்மாவட்டங்களில் சில தெருக்களிடம் வரியே வாங்காத ஊர்கள் உண்டு, உங்களுக்கும் தெரியும். ‘இல்லாதப்பட்டவர்கள், அவர்களை ஏன் கஷ்டப்படுத்துவானேன்’ என்று வெளியில் சொல்வார்கள். உள்ளே இருப்பது வேறு. வாங்கிவிட்டால் சப்பரம் அந்தத் தெருவுக்கும் போக வேண்டும், மரியாதையில் பங்கு கேட்பார்கள், கணக்குக் கேட்பார்கள். உங்கள் ஊர்ப் பொங்கல் வரி நோட்டில் கீழத்தெரு உண்டா இல்லையா, நீங்கள் எழுதவில்லை. நோட்டை வாங்கிப் புரட்டிப் பாருங்கள். இல்லையென்றால், கோயிலுக்குப் போட்ட அதே பட்டியலை மேலே பெயர் மாற்றி மைதானத்துக்கும் போட்டிருக்கிறீர்கள். உங்கள் மனதில் கெட்ட எண்ணம் இல்லை என்றே வைத்துக்கொள்கிறேன். பழக்கத்துக்கு எண்ணம் வேண்டியதில்லையே.

மேலத்தெருக்காரர்கள் ஏன் தரவில்லை என்கிறீர்கள். அவர்கள் பிள்ளைகள் காலையில் மஞ்சள் வேன் ஏறி மெட்ரிக் பள்ளிக்குப் போய்விடுகிறார்கள். ‘யார் வீட்டுப் பிள்ளை விளையாட நான் எதற்குத் தர வேண்டும்’ என்று வாய்விட்டுச் சொல்ல வெட்கம். கட்டைவிரலைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அந்தப் பிள்ளைகளின் அப்பா அம்மாவே இந்த வேலையில் இல்லை என்னும்போது அவர்களுக்கு இது யாரோ யாருக்கோ போடுகிற தர்மம். தர்மத்துக்குத் தவணை சொல்லலாம், அடுத்த மாதம் பார்ப்போம் எனலாம். அறுபது வீடும் நூறு நூறு ரூபாய் தந்தாலும் ஆறாயிரம்தான் என்று நீங்கள் கணக்குச் சொல்வீர்கள். சரிதான். ஆனால் அந்த ஆறாயிரத்தைக் கையில் வைத்துக்கொண்டு மேலத்தெருவில் ஏறிக் கேட்டுப் பாருங்கள், யாருக்குக் கட்டைவிரல் நீள்கிறது என்று.

பெற்றவர்களைக் கேட்காமல் ஒரு பிள்ளைக்கு எதுவும் செய்யக் கூடாது என்பது என் கட்சி. என் பேரனுக்கு மொட்டை போடவே மருமகளைக் கேட்டுவிட்டுத்தான் தேதி வைத்தோம். நல்லது செய்கிறோம் என்பதற்காக அந்த மரியாதையைத் தாண்டிவிட முடியாது. இதில் சட்டமும் என் பக்கம்தான். 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 21: ஒவ்வோர் அரசுப் பள்ளிக்கும் மேலாண்மைக் குழு வேண்டும், உறுப்பினர்களில் நால்வருக்கு மூவராவது பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்கள். பிரிவு 22: பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைத் தயாரிப்பதே அந்தக் குழுவின் வேலை. தலைமை ஆசிரியருக்குப் போன் போட்டு, குழுவின் தலைவர் யார் என்று கேளுங்கள். தமிழ்நாட்டில் அது பெரும்பாலும் ஓர் அம்மாதான். நீங்கள் பாவம் பார்த்து விட்டுவிட்ட அறுபது வீடுகளில் ஒன்றில்தான் அவர் இருப்பார். பள்ளிக்கு மைதானம் இருக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. ஆகவே அரசிடம் உரிமையோடு கேட்க வேண்டியவரும் அவர்தான். அவர் கையெழுத்தில்லாமல் ஆறு லட்சத்துக்கு எஸ்டிமேட் போட்டவர் நீங்கள்.

அந்த எஸ்டிமேட்டின் லட்சணத்தையும் பார்த்தேன். ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ள பள்ளியில் கான்கிரீட் பிட்ச் யார் கேட்டது? பள்ளி விட்டதும் டென்னிஸ் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடிய பழைய மாணவர்கள், அதாவது நீங்கள். பெண் பிள்ளைகள் எங்கே ஆடுவார்கள்? பெண்களுக்கான முழுக் கபடிக் களமே 12 மீட்டருக்கு 8 மீட்டர். வாலிபாலுக்கு 18-க்கு 9. கோ-கோவுக்கு 27-க்கு 16. மண் தரை ஒழுங்காக இருந்தால் இவற்றுக்குச் சுண்ணாம்புக் கோடும் நாலைந்து கம்பமும் போதும். படிக்கட்டில் உட்கார்ந்து பார்க்கப் போவது யார்? ஆண்டுக்கொரு முறை பொங்கலுக்கு வருகிற நீங்கள்தானே?

காசைப் போட வேண்டிய இடம் மண். கரிசல் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அதன் மேல் நேரடியாக ஊற்றிய கான்கிரீட் நாலு மழை தாங்காமல் விரிந்துவிடும். மேல் கரிசலை வழித்தெடுத்து, சரளை பரப்பி, தண்ணீர் விட்டு ரோலர் ஓட்டி இறுக்கி, அதன் மேல் செம்மண் போட வேண்டும். நூறு அடிக்கு ஓர் அடி வாட்டம், வாட்டம் முடிகிற ஓரத்தில் வாய்க்கால். வாட்டம் வகுப்பறைப் பக்கம் விழுந்துவிடக் கூடாது. விழுந்தால் ஐப்பசியில் பிள்ளைகள் தண்ணீரில் உட்கார்ந்து படிப்பார்கள். வழித்த கரிசலைப் புஞ்சைக்காரர்களே வண்டி கொண்டுவந்து அள்ளிப் போவார்கள். இதெல்லாம் ரோடு வேலைக்குப் போகிற கீழத்தெரு ஆளுக்கு நம் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

பணத்துக்கு வருகிறேன். ‘நமக்கு நாமே’ திட்டத்தில் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும். 2021-ல் அதை மறுபடி கொண்டுவந்தார்கள். ஒன்றிய அலுவலகத்துக்குப் போய், இந்த ஆண்டு ஒதுக்கீடு எப்படி, மைதான வேலையை எடுத்துக்கொள்வார்களா என்று பிடிஓவிடம், அதாவது வட்டார வளர்ச்சி அலுவலரிடம் கேளுங்கள். ஆறு லட்சத்துக்கு மக்கள் பங்கு இரண்டு லட்சம். உங்களுக்குக் குறைவது அறுபதாயிரம்தான். பிட்ச்சையும் படிக்கட்டையும் அடித்துவிட்டால் அதுவும் குறையும். நாலு லட்சத்து அறுபதாயிரம் சேர்க்க வேண்டுமே என்று ராத்தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டீர்களே!

உங்கள் கணக்கில் கிடக்கும் பணத்தை முதலில் அங்கிருந்து எடுங்கள். நீங்கள் நாணயமானவராகவே இருக்கலாம்; ஊர் வாய் அதைப் பார்க்காது. மேலாண்மைக் குழுவின் வங்கிக் கணக்கில் கட்டி ரசீது வாங்குங்கள். வெளியூரில், வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்களுக்கு 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ இருக்கிறது. எந்தப் பள்ளிக்கு என்று தேர்ந்தெடுத்தே அனுப்பலாம்.

இனி கீழத்தெரு. தீப்பெட்டி ஆபீஸ் லீவு விடுகிற ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து ஊருக்கு வாருங்கள். யாரையும் உங்கள் வீட்டு வாசலுக்குக் கூப்பிட்டு நிறுத்தக் கூடாது. நீங்கள் அந்தத் தெருவுக்குப் போங்கள். சித்தப்பா வேண்டாம், அம்மா இருந்தால் கூட்டிப் போங்கள். குழுத் தலைவர் வீட்டில் முதலில் உட்காருங்கள். தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள். எடுத்த எடுப்பில் பணப் பேச்சு வேண்டாம். பிள்ளைகள் எங்கே விளையாடுகிறார்கள், எதற்கு பயப்படுகிறார்கள், பாம்பு வருகிறதா, பெண் பிள்ளைகளுக்கு இடம் விடுகிறார்களா என்று கேளுங்கள். ‘இத்தனை வருஷம் எங்கே போயிருந்தீர்கள்’ என்று யாராவது கேட்டால் தலையைக் குனிந்து வாங்கிக்கொள்ளுங்கள். கேட்கிற உரிமை அவர்களுக்கு உண்டு.

அதற்குப் பிறகு, முடிந்ததைத் தரச் சொல்லுங்கள். பத்து ரூபாய்க்கும் ரசீது உண்டு. ஒரு நாள் கருவேலம் வெட்ட வருவதையும் நோட்டில் எழுதுங்கள். உங்களுக்குப் பக்கத்தில் இருக்கிற எட்டயபுரத்தில்தான் 1956-ல் காமராசர் மதிய உணவைத் தொடங்கிவைத்தார். அது ஊர்க்காரர்கள் தந்ததை வைத்து ஓடத் தொடங்கிய அடுப்பு. நெ.து. சுந்தரவடிவேலு பொதுக் கல்வி இயக்குநராக இருந்தபோது 1958 முதல் நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளிலும் மக்கள் பணமாகவும் பொருளாகவும் தந்தார்கள். கொடுப்பது நம் ஜில்லாவுக்குப் புதிதில்லை. ஒன்றில் மட்டும் உஷார்: எட்டாம் வகுப்பு வரை கல்வி இலவசம் என்பது சட்டம். வகுப்பறையில் நோட்டுச் சுற்றக் கூடாது, பிள்ளையிடம் கேட்கக் கூடாது, தராத வீட்டின் பெயரை யாரும் எங்கும் உச்சரிக்கக் கூடாது. கணக்குக் கூட்டத்தில் தராதவர்களும் கேள்வி கேட்கலாம். கோயில் வழக்கத்தை அந்த இடத்தில் விட்டுவிடுங்கள்.

கல்வெட்டுப் பஞ்சாயத்து எனக்குப் புளித்துப்போன விஷயம். பெயர்களை அகர வரிசையில் போடுங்கள், தொகை போடாதீர்கள். பத்து ரூபாய் தந்தவரும் கருவேலம் வெட்டியவரும் அதில் வரட்டும். தாத்தா பெயர் பதினெட்டாவதாக வருகிறது என்று சித்தப்பா முறுக்கிக்கொண்டால், ஐம்பதாயிரத்தை அன்றைக்கே எண்ணித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். குறைகிற பணத்துக்கு எங்கே போவது என்று மறுபடி எனக்கு எழுதாதீர்கள், குழுத் தலைவரைக் கேளுங்கள்.