உகாலியும் குச்சிக்கிழங்குத் தழையும்

அன்புள்ள ஐயா,

ஆத்தூர் பக்கம் எங்கள் ஊர். நர்சிங் முடித்துவிட்டுத் தன்னார்வலராகத் தான்சானியா வந்து மூன்று வாரம் ஆகிறது. மொரோகோரோவில் ஒரு குடும்பத்தோடு தங்கவைத்துப் பயிற்சி தருகிறார்கள். காலையில் சுவாஹிலி வகுப்பு, மதியம் சுகாதார நிலையம். எல்லாம் பிடித்திருக்கிறது, சாப்பாடுதான் இறங்கவில்லை. தினமும் உகாலி. நம் ஊரில் கோழித் தீவனத்துக்குப் போகிற மக்காச்சோளம்! அம்மா கொடுத்தனுப்பிய பருப்புப்பொடியை ரொட்டியில் வைத்து அறைக்குள் சாப்பிட்டுக்கொள்கிறேன். வீட்டுக்கார அம்மாவின் முகம் வாடிப்போகிறது. வேறு வீடு கேட்கலாமா?

ர.

அன்புள்ள ர.,

வேண்டாம், அந்த வீட்டிலேயே இருங்கள். ஏற்காட்டிலிருந்து நானும் அந்த நாட்டுக்கு வாத்தியார் வேலைக்குத் தன்னார்வலராகப் போயிருந்தேன். முதல் மாதம் எனக்கும் இறங்கவில்லை.

உகாலியைச் சோற்றை நினைத்துக்கொண்டு சாப்பிடாதீர்கள், களியை நினைத்துக்கொள்ளுங்கள். கொதிக்கிற தண்ணீரில் மாவைப் போட்டு, கட்டி தட்டாமல் துடுப்பால் கிண்டுவதுதான் அங்கேயும். அந்தத் துடுப்புக்கு ம்வீகோ என்று பெயர். ஒரு கவளம் கிள்ளி உருட்டி, கட்டைவிரலால் குழி செய்து, அதில் கீரையை அள்ளிக்கொள்ள வேண்டும். ம்சிச்சா என்று வைப்பார்களே, அது நம் தண்டுக்கீரை வகைதான். தகா என்ற பொடிமீன் கருவாட்டைப் பார்த்தால் உங்களுக்கு நெத்திலி ஞாபகம் வரும்.

கிசாம்வு இன்னும் வைக்கவில்லை என்றால் கேட்டுச் சாப்பிடுங்கள். குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளித் தழைதான் அது. ஜவ்வரிசி ஆலைகளுக்கு நடுவே வளர்ந்த நமக்கு அந்தத் தழையைச் சமைக்கலாம் என்றே தோன்றியதில்லை. மாடு மேய்ந்துவிட்டால் பதறுவோம், அதில் சயனைடு விஷம் ஊறுகிறது என்பதால். அவர்கள் அதை உரலில் போட்டு நைய இடித்து, நெடுநேரம் வேகவைத்து விஷத்தைப் போக்கிவிட்டு, தேங்காய்ப்பாலோ நிலக்கடலையோ சேர்த்துக் கடைகிறார்கள். மக்காச்சோளமும் குச்சிக்கிழங்கும் அமெரிக்கக் கண்டத்திலிருந்துதான் இரண்டு ஊருக்கும் வந்தன. கிழங்கை நாம் மாவாக்கி விற்கக் கற்றுக்கொண்டோம், தழையை உண்ணக் கற்றுக்கொண்டவர்கள் அவர்கள். எனக்கு இதில் அவர்கள் மேல் பெரிய மரியாதை.

அப்புறம் அந்தப் பருப்புப்பொடி. நானும் மாங்காய் ஊறுகாய் பாட்டிலைக் கட்டிலுக்கடியில் வைத்திருந்தேன். ஒருநாள் மனசு கேட்காமல் சாப்பாட்டின் நடுவே கொண்டுவந்து வைத்தேன். வீட்டுப் பாட்டி உகாலியில் ஒரு துளி தொட்டு வாயில் வைத்துவிட்டு, "அச்சாரி!" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சுவாஹிலியில் ஊறுகாய்க்குப் பெயரே அச்சாரி. கடலோர வியாபாரத்தில் நம் நாட்டு ஊறுகாய் எனக்கு முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. அன்றிலிருந்து அந்தப் பாட்டில் பொதுவில்தான் இருந்தது, பத்தே நாளில் காலி. அதற்குப் பிறகு ஊறுகாய் இல்லாமலே உகாலி இறங்கியது.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம், கொதிக்கவைத்ததையே குடியுங்கள். மலேரியா மாத்திரையைத் தவறவிடாதீர்கள், உங்களுக்குத் தெரியாததல்ல.

வகுப்பில் பத்து நாளில் வராத சுவாஹிலி அடுப்படியில் இரண்டு நாளில் வரும். இன்று சாயங்காலம் அந்த அம்மாவிடம் போய் முதலில் "ஷிகமோ" சொல்லுங்கள், பெரியவர்களுக்கான வணக்கம் அது. "மரஹபா" என்பார். பிறகு "நிகுசாய்தியே?", கூட உதவி செய்யட்டுமா என்று கேட்டுவிட்டு, அந்த ம்வீகோவைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.