குட்டையில் நிறுத்தியும் வடிகால் நீர் ஏன் உப்பாக இருக்கிறது?

வடிகால் நீரைச் சுத்தம் செய்யச் சம்பங்கோரை வளர்க்கும் குட்டை உப்பை எடுக்காது. வடிகால் நீரை அதில் பத்து நாள் நிறுத்திப் பாய்ச்சிய பிறகும் வாழை இலையின் ஓரம் கருகுகிறது என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் குட்டை கட்டிய விதத்தில் தப்பு இருப்பதாகத் தெரியவில்லை. வண்டல் அடியில் தங்கிவிடும். காற்றுப் புகாத சேற்றில் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை வாயுவாக்கி வெளியேற்றிவிடும். கரைந்த உப்பு மட்டும் போகாது. வெயில் காலத்தில் நீர் ஆவியாக, கோரையும் உறிஞ்ச, மிச்சத் தண்ணீரில் உப்பு இன்னும் கூடத்தான் செய்யும்.

இதைச் செய்து பாருங்கள்:

1. ஈசி மீட்டரால் (நீரின் மின்கடத்தும் திறனை வைத்து உப்பின் அளவைக் காட்டும் கருவி) நீர் நுழையும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் ஒரே காலையில் அளவெடுங்கள். வெளியேறும் நீரில் அதிகம் இருந்தால் காரணம் இதுதான்.
2. வெளியேறும் நீரின் அளவு மீட்டருக்கு 0.7 டெசிசீமன்ஸுக்குள் (மின்கடத்தும் திறனின் அலகு) இருந்தால் உப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். 3-ஐத் தாண்டினால் வாழைக்குப் பாய்ச்சாதீர்கள். இடைப்பட்டால் நல்ல கிணற்று நீரோடு கலந்து, மறுபடி அளந்த பிறகு விடுங்கள்.

கோடையில் நிறுத்தும் நாள்களையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒன்று. சாம்பல் சத்து குறைந்தாலும் வாழையில் இலை ஓரம் இப்படித்தான் கருகும், முதலில் அடி இலைகளில். ஈசி மீட்டரில் அளவு குறைவாக வந்தால் மண்ணையும் பரிசோதனைக்குக் கொடுங்கள்.