படம் எடுத்த பிறகு யார் துணை வருவது?

கேள்வி: அமெரிக்காவின் அட்லாண்டாவில் செவிலியராக இருக்கிறேன். இங்குள்ள கறுப்பினப் பெண்களுக்கு மேமோகிராம் (மார்பகப் புற்றுநோயைக் கண்டறிய எடுக்கும் எக்ஸ்ரே படம்) பற்றிய விழிப்புணர்வே இல்லை. எப்படிப் புரியவைப்பது?

பதில்: "விழிப்புணர்வே இல்லை" என்ற முடிவைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். மேமோகிராம் எடுத்துக்கொள்வதில் அவர்கள் வெள்ளையினப் பெண்களுக்குப் பின்தங்கியவர்கள் அல்ல என்றுதான் கணக்கெடுப்புகள் சொல்கின்றன. மார்பகப் புற்றுநோய் வருவதும் அவர்களுக்குச் சற்றுக் குறைவே. ஆனால் அதனால் இறப்பது ஏறக்குறைய 40 சதவீதம் அதிகம். ஆக, கோளாறு பெரும்பாலும் படம் எடுத்த பிறகு நடப்பதில் இருக்கிறது.

தயங்குகிறவர்களும் உண்டு, மறுக்கவில்லை. அலபாமாவின் டஸ்கீகீயில் சிபிலிஸ் என்ற பால்வினை நோயுள்ள சுமார் 400 கறுப்பின ஆண்களை 1932 முதல் 1972 வரை அரசு மருத்துவர்கள் சிகிச்சை தராமல் வேடிக்கை பார்த்தார்கள். அதைக் குணப்படுத்தும் பெனிசிலின் வந்த பிறகும் தரவில்லை. அந்தக் கதை வீட்டுக்கு வீடு தெரியும். அதை அறியாமை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. துண்டறிக்கையை நீட்டுவதற்கு முன், "கடைசியாக மருத்துவமனைக்குப் போனபோது உங்களை எப்படி நடத்தினார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: கறுப்பினத்தவர் வழிபடும் ஒரு தேவாலயத்தில் இது பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். நான் மருத்துவர். என்ன பேசலாம்?

பதில்: ஐந்து நிமிடம் பேசிவிட்டு உட்காருங்கள். அதே சபையில் நோயிலிருந்து மீண்ட பெண் ஒருவரைப் பேச விடுங்கள். அர்கன்சாவில் தொடங்கிய 'விட்னஸ் புராஜெக்ட்' (சாட்சித் திட்டம்) செய்தது இதைத்தான். நம் ஊர் சபைகளிலும் சாட்சி சொல்லும் வழக்கம் உண்டே, அதே முறை. மீண்டு வந்தவர் எழுந்து தன் கதையைச் சொல்வார். "கண்டுபிடித்தால் சாவுதான், தெரியாமலே இருந்துவிடலாம்" என்ற பயத்துக்கு முன்னால் உயிரோடு நிற்கும் ஒருத்தியைவிட உங்கள் ஸ்லைடுகள் எதைச் சாதித்துவிடும்?

கேள்வி: எந்த வயதில் தொடங்க வேண்டும்?

பதில்: 40. அமெரிக்க நோய்த்தடுப்புச் சேவைப் பணிக்குழு 2024-இல் சொன்னது: 40 முதல் 74 வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. கறுப்பினப் பெண்களுக்கு இளவயதிலேயே நோய் வருவது அதிகம்; ஹார்மோன் மாத்திரைகளுக்குக் கட்டுப்படாத 'டிரிபிள் நெகட்டிவ்' வகை அவர்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. தாய்க்கோ சகோதரிக்கோ இருந்திருந்தால் 40 வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் பேச வேண்டும். கட்டி தட்டுப்பட்டால் வயதுக் கணக்கே வேண்டாம், உடனே போக வேண்டும்.

கேள்வி: காப்பீடு இல்லாதவர்கள்?

பதில்: வருமானம் குறைந்த பெண்களுக்காக 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த இலவசப் பரிசோதனைத் திட்டம் மாநிலந்தோறும் நடக்கிறது. காப்பீடு உள்ளவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை: முதல் படம் இலவசமாக இருக்கலாம், சந்தேகத்தின் பேரில் எடுக்கும் அடுத்த படத்துக்கும் பயாப்சிக்கும் (திசுவை எடுத்துச் செய்யும் சோதனை) சில காப்பீடுகளில் பில் வரலாம். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: மறுபடி வரச் சொன்னால் பலர் வருவதில்லை. ஏன்?

பதில்: இதைத்தான் யாராவது கேட்க மாட்டார்களா என்றிருந்தேன். நியூயார்க்கில் கறுப்பினத்தவர் அதிகம் வரும் ஹார்லெம் மருத்துவமனையில் 1986 வரையிலான 22 ஆண்டுகளில் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் நோய் முற்றிய நிலையில் வந்தவர்கள். ஐந்தாண்டு உயிரோடிருந்தவர்கள் 39 சதவீதம். அறுவை மருத்துவர் ஹாரல்ட் ஃப்ரீமன் அங்கே முதலில் இலவசப் பரிசோதனையைத் தொடங்கினார். அது மட்டும் போதாது என்று கண்டு, 1990-இல் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு வழித்துணையை அமர்த்தினார். படிவம் நிரப்ப, தேதி வாங்க, பயப்படுகிறவரோடு உட்கார்ந்திருக்க ஓர் ஆள். பின்னாளில் அந்த 39 சதவீதம் 70 ஆனது.

உங்கள் கிளினிக்கில் மறு அழைப்பு கடிதமாகத்தான் போகிறதா? போன் செய்யுங்கள். திரும்ப அழைக்கப்படுகிறவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இல்லை என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். பிறகு, வேலையில் விடுப்புக் கிடைக்குமா, குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள், எந்த பஸ்ஸில் வருவார் என்று கேளுங்கள்.