ஊரணிக்கு ஃபவுண்டன் எதுக்கு?

கேள்வி: அண்ணே, காரைக்குடி பக்கம் எங்க ஊர்ல தெருக்கடைசியில ஒரு பழைய ஊரணி இருக்கு. சின்ன வயசுல அப்பத்தாவோட குடம் தூக்கிட்டு அங்கதான் போவேன், இப்ப காஞ்சு குப்பைமேடா கெடக்கு. ஊர்க்காரங்க காசு சேத்து, மனசுக்கு அமைதியா உக்கார ஒரு எடம் பண்ணலாம்னு இருக்கோம். வந்த பிளான்ல அடியில கான்கிரீட், நடுவுல கலர் லைட் ஃபவுண்டன், சுத்தி பேவர் பிளாக். எனக்கு மனசு ஒப்பல, என்ன பண்ணலாம்? (ஒரு வாசகி)

பதில்: ஒப்பாததுதான் சரிம்மா. மொதல்ல அந்த கான்கிரீட்டை நிறுத்துங்க. அடியில போட்டுட்டா ஊரணித் தண்ணி சுத்தி இருக்குற கெணறுகளுக்கு ஊறவே ஊறாது. அதுக்காக ஜேசிபிய விட்டு ஆழமாவும் தோண்டிடாதீங்க, வண்டலை மட்டும் அள்ளுங்க. கீழ இருக்குற களிமண்ணு கிழிஞ்சா எவ்வளவு மழை பேஞ்சாலும் தண்ணி நிக்காது.

அடுத்து வரத்து. நம்ம வீடுகள்ல நாலு பக்கத்து ஓட்டுக்கூரையும் முற்றத்துக்குள்ள சாயும்ல, அண்டாவுலயும் கிடாரத்துலயும் பிடிச்சது போக மிச்சத் தண்ணி தெருக்கால்வாய்ல எறங்கி ஊரணிக்குப் போற மாதிரிதான் நெறைய ஊர்ல வச்சிருந்தாங்க. 5,000 சதுர அடி கூரையில 10 செ.மீ. மழை பேஞ்சா கிட்டத்தட்ட 46,000 லிட்டர், பாதி வழியில போனாக்கூட பத்து வீட்டுத் தண்ணி எவ்வளவுன்னு பாருங்க! காவிரிப்பூம்பட்டினத்துல கடலோரமா இருந்துட்டு இந்தச் செம்மண் பொட்டலுக்கு வந்தோம்னு நாட்டுக்கோட்டை நகரத்தார் வழிவழியா சொல்றது, மழைத்தண்ணிய இப்படி ஒண்ணுவிடாம சேத்து வச்சாத்தான் இங்க பொழைக்க முடியும். 2014ல செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவோட உலகப் பாரம்பரிய இடங்களுக்கான உத்தேசப் பட்டியல்ல சேந்துச்சு, ஆனா வர்றவங்க வீட்டைப் பாத்துட்டுப் போயிடுறாங்க, ஊரணிப் பக்கம் யாரும் திரும்புறதில்ல, எனக்கு அது பெரிய வருத்தம்.

இப்ப அதே கால்வாய்ல சாக்கடையும் கலக்குது, அதைப் பிரிக்காம ஊரணியில விட்டா நாத்தம்தான் வரும். வாய்க்கால் உள்ள நுழையுற எடத்துல மண்ணு தங்க ஒரு தொட்டி கட்டுங்க, மொத ரெண்டு மழைய வெளிய திருப்பி விட ஒரு பலகை அடைப்பும் வேணும்.

உக்கார எடம்னா படித்துறைதான். பெஞ்சை விட படியில உக்காந்தாத்தான் தண்ணிகிட்ட இருக்குற மாதிரி இருக்கும், சித்திரையில தண்ணி வத்துனாக்கூட அந்தக் கல்லுப்படி வெறிச்சுன்னு தெரியாது, ஃபவுண்டன் கரண்டு போனா என்ன ஆகும்னு சொல்லணுமா. பழைய செம்பராங்கல்லு சரிஞ்சு கெடந்தா அதையே எடுத்து அடுக்குங்க. மேற்குக் கரையில வேம்பு, மருதம் வச்சா சாயங்காலம் அந்தப் பக்கத்துப் படியெல்லாம் நெழல்ல இருக்கும், அரசும் ஆலும் கல்லுகிட்ட வேணாம், வேர் பொளந்துடும். உங்க அப்பத்தா குடத்துக்குள்ள தேத்தாங்கொட்டை உரசுனது ஞாபகம் இருக்கா, கலங்கலெல்லாம் அடியில தங்கிடுமே, அந்தத் தேத்தா மரம் ரெண்டு கண்டிப்பா வைங்க. ஆத்தங்குடி டைல்ஸ் ஆசை இருந்தா கூரை போட்ட சின்ன மண்டபத்துக்குள்ள மட்டும் போடுங்க, வெயில்லயும் மழையிலயும் கெடந்தா கலர் நிக்காது.

இன்னொண்ணு, ஊர் வரலாறுன்னு பெரிய போர்டு எதுவும் வேணாம். வருஷா வருஷம் தண்ணி எந்தப் படி வரைக்கும் ஏறுச்சோ அந்தப் படியில வருஷத்தைக் கொத்தி வைங்க, உங்க பேரன் பேத்தி வந்து அதைத் தடவிப் பாப்பாங்க.

எல்லாத்தையும் ஒரேடியா ஆரம்பிக்காதீங்க. ஐப்பசி மழைக்கு முன்னாடி வரத்துக்காலை முடிச்சிருங்க, மண்டபம் கிண்டபமெல்லாம் தை பொறந்ததும் பாத்துக்கலாம்.